பின் சக்கரத்துக்கு இரண்டு கோடு

ஜூலை 9, புதன்

ஆடி பிறக்கவே இல்லை, அதற்குள் ஆடிக்காற்று. மாடிக் கொடியில் போட்ட துணி பாதி பக்கத்து வீட்டு மாடியில். எடுத்து வந்து மறுபடி அலசினேன்.

இவருடைய பைக்கில் மஞ்சள் விளக்கு எரிகிறது. சில நாளாக வீட்டில் வேறு பேச்சே இல்லை. குதிரை லாடம் மாதிரி ஒரு படம், நடுவில் ஆச்சரியக்குறி. டயரில் காற்று குறைந்தால் எரிய வேண்டிய விளக்கு. காற்று சரியாக இருக்கிறது, விளக்கு மட்டும் எரிகிறது. முன் டயருக்கு ஒரு எண், பின் டயருக்கு ஒரு எண் என்று திரையில் வர வேண்டிய இடத்தில் இரண்டு இரண்டு கோடு. சக்கரத்துக்குள் இருக்கும் சென்சார் காற்றழுத்தத்தை ரேடியோவில் அனுப்புகிறது, பைக்கில் எங்கோ ஒரு பெட்டி அதை வாங்குகிறது, வாங்க முடியாவிட்டால் கோடு போடுகிறது. இவ்வளவுதான். இதை இவருக்குச் சொல்லிப் புரியவைப்பதற்குள் இட்லி ஆறிவிட்டது.

பாலக்கோட்டில் உரக்கடை வைத்திருக்கிற மனிதர். தக்காளிக்காரர்களுக்கு மருந்து விற்கிறவர். மலையேறுகிற பைக் கேட்டார், வாங்கியாயிற்று. இதுவரை ஏறிய மலை, எங்கள் வீட்டு வாசல் சரிவு.

பைக்கில் மாட்டியிருக்கும் அலங்காரங்கள்:
மூடுபனி விளக்கு இரண்டு. தர்மபுரியில் மூடுபனி.
முன்னால் ஒரு கேமரா. உரக்கடைக்குப் போகிற வழியைப் படம் எடுக்க.
போன் சார்ஜர். புதுசு, போன வாரம் மாட்டியது.
திருடு போனால் கண்டுபிடிக்கிற கருவி. அதன் பாஸ்வேர்டு இவருக்கு மறந்துவிட்டது.
சீட்டுக்குக் கீழே நீல லைட் பட்டை. ஏன் என்று கேட்கக் கூடாது.
ஹெல்மெட்டுக்குள் பேசுகிற கருவி. வீட்டில் பேசினால் காது கேட்காது.

இருபதாம் தேதி ஞாயிறு ‘மலைவேங்கை ரைடர்ஸ்’ ஏற்காடு போகிறார்களாம். தொப்பூர் இறக்கம் வழியாக. முன்னால் போகிறவர் இவர். ‘லீடு’ என்று சொல்லிக்கொள்கிறார், என்னமோ படை நடத்துகிற மாதிரி. அந்த இறக்கத்தில் பின்னால் பாரம் ஏற்றிய லாரி வரும்போது டயர் காலை வாரினால் என்ன ஆகும் என்று கேட்டேன். அதுக்குத்தான் சென்சார் இருக்குதே என்றார். எந்த சென்சார்? கோடு போடுகிற சென்சார்.

மொரப்பூரிலிருந்து அத்தை போன். தகடு வைத்தாயா என்று மறுபடி. இவர் பைக் வாங்கியதிலிருந்து மாமியாருக்குத் தூக்கம் இல்லை. கோயிலில் மந்திரித்து வாங்கிய செப்புத் தகடு, உள்ளங்கை அகலம், மஞ்சள் துணியில் சுற்றிக் கொடுத்திருந்தார். வெகு நாள் என் மேசை டிராயரில் கிடந்தது. போன வாரம் வைத்துவிட்டேன். சீட்டைத் தூக்கினால் ஒரு கறுப்புப் பெட்டி, அதற்கு அடியில் ஒரு இடுக்கு. அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்தது. துணி அவிழாமல் இருக்க விடைத்தாள் கட்டுகிற நூலால் கட்டினேன். இவரிடம் சொல்லவில்லை. அத்தையின் போன் தொல்லை தீரட்டும் என்றுதான். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. நான் இயற்பியல் டீச்சர்.

ஜூலை 10, வியாழன்

மேகமூட்டம். மழை இல்லை, காற்று மட்டும். பதினொன்றாம் வகுப்பு நோட்டு திருத்தம் பாக்கி.

ஸ்டாஃப் ரூமில் தக்காளி விலை, மருமகள் குறை, பழையபடி. விமலா ஒன்றும் பேசவில்லை. கணக்கு டீச்சர். போன ஐப்பசியில் அவள் கணவர் தொப்பூர் இறக்கத்தில் பைக்கோடு போய்விட்டார். டயர் வெடித்து நடு ரோட்டில் விழுந்தார். பின்னால் லாரி.

நேற்று எழுதியது பாதி பொய். போன வாரம் ஒரு நாள் இந்த ஏற்காட்டுப் பயணத்தைப் பற்றி நான் ஸ்டாஃப் ரூமில் கேலியாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். எல்லோரும் சிரித்தார்கள். விமலா மட்டும் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

“அன்னைக்குக் கூட கேட்டேன் கோமதி, காத்து புடிச்சீங்களான்னு. எல்லாம் சரியா இருக்குதுன்னாரு.”

அன்று சாயங்காலம்தான் தகட்டை டிராயரிலிருந்து எடுத்தேன். அத்தைக்காக இல்லை. பயம். வேறு வார்த்தை இல்லை. யாரும் பார்க்கவில்லையே என்று வாசலை இரண்டு தரம் பார்த்துக்கொண்டு சொருகினேன். எனக்கே அருவருப்பாக இருந்தது.

பால் கூப்பன் வாங்க வேண்டும்.

ஜூலை 12, சனி

காய்கறி வாங்கப் போனேன், இவர் பைக்கோடு ஆக்சஸரீஸ் கடைக்கு வந்திருந்தார். நான் ஸ்கூட்டியை ஓரம் கட்டி வேடிக்கை பார்த்தேன்.

கடைக்காரன் பிரகாஷ். பைக்கில் இருக்கிற முக்கால்வாசி குப்பையை விற்றவன் இவன். நோய் தந்தவனிடமே மருந்துக்கு நிற்கிறார்கள். சுற்றி நாலு பேர். ஆளுக்கொரு கருத்து. பாட்டரி வீக் என்று ஒருவர். எர்த் சரியில்லை என்று ஒருவர். பைக்கையே பார்க்காமல், டீ குடித்துக்கொண்டே, “கம்பெனி மிஸ்டேக்குங்க” என்று ஒருவர். அவருக்கும் பைக்குக்கும் சம்பந்தமே இல்லை, டீ குடிக்க வந்தவர்.

நான் ஒன்றே ஒன்று சொன்னேன். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் பிடுங்காதீர்கள். ஒன்றை மட்டும் கழற்றி ஓட்டிப் பாருங்கள், மாறவில்லை என்றால் அடுத்தது. எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும் இது. சென்சார் நிற்கிற பைக்கில் தூங்கும், சக்கரம் சுற்றினால்தான் விழிக்கும், அதனால் ஓட்டித்தான் பார்க்க வேண்டும். பிரகாஷ் என்னைப் பார்த்து, ‘அக்கா டீச்சருங்களா?’ என்று கேட்டான். டீச்சர் என்றால் காது கொடுக்க வேண்டாம் என்று ஒரு சட்டம் இருக்கிறது போல.

இருந்தாலும் முதலில் சார்ஜரைக் கழற்றினான். இவர் ஒரு சுற்று போய் வந்தார். முன் சக்கரத்துக்கு எண் வந்துவிட்டது. 33. பின் சக்கரம் அதே இரண்டு கோடு. ஆக, மட்டமான சார்ஜர் ரேடியோவில் இரைச்சல் போட்டிருக்கிறது. அதை விற்றவன் இவன்தான். முகத்தில் ஒரு வெட்கமாவது? இல்லை. ‘நான்தான் கண்டுபிடிச்சேன்’ என்று நிமிர்ந்து நின்றான்.

பிறகு ஒவ்வொன்றாக. கேமரா. விளக்கு. நீலப் பட்டை. பின் சக்கரத்துக் கோடு அசையவில்லை. சீட்டைத் தூக்கி வயர்களுக்கெல்லாம் கறுப்பு வளையம் மாட்டினான், இரைச்சலை அடக்குமாம். அப்போது பெட்டிக்கு அடியில் தகடு தெரிந்தது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவன் சட்டென்று செருப்பைக் கழற்றினான். தகட்டை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, வளையம் மாட்டி முடித்ததும் இருந்த இடத்திலேயே பத்திரமாகச் சொருகினான். சுற்றி நின்றவர்களில் ஒருவர் கன்னத்தில் போட்டுக்கொண்டார். சார்ஜரைக் கழற்றி வீசுகிற கைக்குத் தகட்டிடம் மட்டும் அவ்வளவு மரியாதை.

இவர் என் பக்கம் திரும்பவில்லை. அத்தை வேலை என்று நினைத்திருப்பார். நல்லதாகப் போயிற்று.

கத்தரிக்காய் வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 13, ஞாயிறு

எங்கள் வீட்டில் மலைவேங்கைகள் கூட்டம். வேங்கை என்றால் வேங்கை. ஒருத்தருக்கு மூட்டு வலி, ஒருத்தருக்குச் சர்க்கரை. தலைவர் பல் டாக்டர். முட்டிக்குக் கவசம் கட்டிக்கொண்டு சோபாவில் உட்கார்ந்து வாழைக்காய் பஜ்ஜி தின்கிறார்கள். ஹெல்மெட் எல்லாம் சாப்பாட்டு மேசையில். ஒன்றின் மேல் வேங்கைப் படம். பூனை மாதிரி இருக்கிறது.

விளக்கு விஷயம் பேச்சுக்கு வந்தது. டாக்டர் சொன்னார், பக்கத்தில் செல்போன் டவர் இருப்பதால்தான். அப்படியென்றால் முன் சக்கரத்துக்கு ஏன் எண் வருகிறது, டவர் முன் சக்கரத்துக்குச் சலுகை தருகிறதா என்று நான் சமையலறையிலிருந்து கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே, ‘சிஸ்டர், இது கொஞ்சம் டெக்னிக்கல்’ என்றார். பஜ்ஜியை நிறுத்திவிட்டேன். மாவு தீர்ந்தது என்று சொன்னேன். மாவு இருந்தது.

இன்னொருவர், பெங்களூரில் எல்லோரும் நைட்ரஜன்தான் அடிக்கிறார்கள், சாதாரணக் காற்று அடித்தால் சென்சாருக்குப் பிடிக்காது என்றார். சென்சார் என்ன மாப்பிள்ளையா, பிடிக்காமல் போக?

போகும்போது எல்லோரும் பைக்கைச் சுற்றி நின்றார்கள். ஒருவர் பின் டயரைக் காலால் உதைத்துப் பார்த்து, ‘கல்லு மாதிரி இருக்குது, இதுக்கா விளக்கு?’ என்றார். இதுதான் இவர்களின் விஞ்ஞானம். உதை.

பஜ்ஜி எண்ணெய் மீதி. நாளை கூட்டுக்குத் தாளிக்கலாம்.

ஜூலை 15, செவ்வாய்

ஷோரூமில் சர்வீஸ். நான் போகவில்லை, இவர் வந்து சொன்னதுதான். பேசும்போது முகத்தில் ஒரு பெருமை, பெரிய டாக்டரிடம் காட்டிவிட்டு வந்த நோயாளி மாதிரி.

கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தார்களாம். பின் சென்சாரிலிருந்து தகவல் இல்லை என்று கம்ப்யூட்டர் சொன்னதாம். அதைத்தான் இரண்டு கோடும் இத்தனை நாளாகச் சொல்கிறது. சீட்டைத் தூக்கி எல்லாம் கழற்றிச் சுத்தம் செய்து மாட்டினார்களா என்று கேட்டேன். ஆமாம் என்றார். எல்லாம் என்றால் எல்லாமா? கொஞ்சம் தயங்கி, எல்லாம்தான் என்றார். ஒருவேளை தகடு தொலைந்துபோயிருக்கும் என்று நினைத்தேன். பால் வாங்கப் போகிற சாக்கில் சீட்டைத் தூக்கிப் பார்த்தேன். இருந்தது. அதே இடுக்கு. என் நூல் முடிச்சு அவிழவே இல்லை. மேலே புதிதாக ஒரு குங்குமப் பொட்டு. ஷோரூமில் எந்தப் புண்ணியவான் வைத்தானோ.

தீர்ப்பு: பின் சென்சார் செத்துவிட்டது. புதுசு வர நாளாகும், ஏற்காட்டுக்கு முன்னால் வராது.

ஆக, விளக்கு எரிந்தபடியே தொப்பூர் இறங்குவது. முன்னால் விளக்கு எரிந்துகொண்டே இருந்தால் கவனம் சிதறுகிறது என்று இவர் செய்த காரியம்: கறுப்பு இன்சுலேஷன் டேப்பைச் சின்னதாக வெட்டி அந்த விளக்கின் மேல் ஒட்டிவிட்டார். ஒட்டியதை என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். கத்தரிக்கோலை என்னிடமே வாங்கினார்.

ஜூலை 16, புதன்

சண்டை. காலையில் ஆரம்பித்து தோசைக்கல் வரைக்கும்.

விளக்கை மூடினால் ஆபத்து போய்விடுமா என்று கேட்டேன். அது பொய் சொல்லுகிற விளக்கு என்றார். இன்றைக்குப் பொய் சொல்வது நாளைக்கு உண்மை சொன்னால்? சென்சாரே செத்துப்போச்சு, உண்மை எங்கிருந்து சொல்லும் என்றார். இவர் சொன்னது சரிதான், அதுதான் எரிச்சல். ஏற்காடு போகாதீர்கள் என்றேன். லீடு நான்தான், நான் போகாட்டி எப்படி என்றார்.

சரி, தினம் பங்க்கில் காற்று பாருங்கள் என்றேன். இன்று பார்த்தாராம். சரியாக இருக்கிறதாம். சனிக்கிழமை மறுபடி பார்ப்பதாகச் சொன்னார். சொன்ன விதத்திலேயே தெரிந்துவிட்டது, பார்க்கப் போவதில்லை. தக்காளி வரத்து, கடையில் கூட்டம், மலைவேங்கைகளுடன் கையுறை வாங்குவது. நடுவில் காற்று எங்கே.

“எல்லாம் சரியா இருக்குது கோமதி, விடு.”

விமலாவின் கணவர் சொன்ன அதே வார்த்தை. நான் சட்டினியை அப்படியே வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். அழவில்லை. காற்று கண்ணில் மண்ணைப் போட்டது, அவ்வளவுதான். இல்லை, அழுதேன்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. பாதி பிள்ளைகள் நெற்றியில் விபூதியோடு. பள்ளிக்குப் பக்கத்து அம்மன் கோயில் ஸ்பீக்கர் பாடம் நடத்தவிடவில்லை.

பன்னிரண்டாம் வகுப்புக்கு நிலைமின்னியல். உலோக உறைக்குள் வெளியே இருக்கிற மின்புலம் நுழையாது என்கிற பகுதி. ஒவ்வொரு வருஷமும் காட்டுவதுதான்: என் போனை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடி, ஆபீஸ் போனிலிருந்து அழைக்கச் சொல்வது. இந்த வருஷம் டப்பாவுக்குள் மணி அடித்தது. வகுப்பே சிரித்தது. மூடி சரியாக உட்காரவில்லை, இடுக்கு வழியாக அலை போய்விட்டது. சப்பாத்தி சுற்றி வந்த அலுமினியத் தாளை எடுத்து போனை நன்றாகச் சுற்றினேன். அடிக்கவில்லை. தொடர்பு எல்லைக்கு வெளியே என்று குரல் வந்தது. சிரிப்பு நின்றது.

புத்தகத்தில் இருப்பது நிலையான மின்புலம், போனுக்கு வருவது ரேடியோ அலை, இரண்டும் ஒன்றில்லை, ஆனால் உலோகம் இரண்டுக்கும் குறுக்கே நிற்கும் என்று விளக்கினேன். எந்த உலோகமாக இருந்தாலும் சரி, இரும்பு, அலுமினியம், செம்பு என்று சொல்லிக்கொண்டே போனேன். செம்பு என்றதும் வாய் அப்படியே நின்றுவிட்டது.

முழுக்க மூட வேண்டும் என்பதில்லை. அலை வருகிற பக்கத்தில், பெட்டியை ஒட்டி ஒரு தகடு நின்றாலே போதும்.

பிள்ளைகளைப் படிக்கச் சொல்லிவிட்டு, பைக்கோடு வந்த புத்தகத்தை போனில் தேடினேன். இருந்தது. படத்தோடு. டயர் சென்சார் அனுப்புவதை வாங்குகிற பெட்டி: பின் சீட்டுக்கு அடியில். நான் தகடு சொருகிய அதே பெட்டி. பெட்டிக்குக் கீழே தகடு. தகட்டுக்குக் கீழே பின் சக்கரம். முன் சக்கரத்தின் அலை முன்னாலிருந்து வருகிறது, அதைத் தகடு மறைக்காது. அதனால்தான் சார்ஜர் போனதும் முன்னால் எண் வந்தது, பின்னால் வரவில்லை. சார்ஜரும் தகடும் ஒரே வாரத்தில் வண்டியில் ஏறியதால் எல்லோரும் சார்ஜரையே பார்த்தோம்.

பிரகாஷ் முட்டாள், டாக்டர் முட்டாள், ஷோரூம்காரன் முட்டாள். தகட்டைப் பார்த்தவர்கள் எல்லோரும் எடுத்தார்கள், எல்லோரும் கும்பிட்டார்கள், எல்லோரும் அதே இடத்தில் வைத்தார்கள். ஒருவராவது கொஞ்சம் தள்ளி வைத்திருக்கக் கூடாதா? இத்தனை முட்டாள்களையும் தாண்டி ஒரு முட்டாள் இருக்கிறாள். முதலில் அங்கே வைத்தவள். எம்.எஸ்.சி., பி.எட்.

இவர் காப்பாற்றப்பட வேண்டும் என்று வைத்த சாமான், இவரைக் காப்பாற்ற இருந்த ஒரே விளக்கின் வாயை மூடிவிட்டது.

இவருக்கு போன் செய்தேன், எடுக்கவில்லை. சாயங்காலம் வந்தார், கூடவே டாக்டரும், கையுறையும். அவர்கள் முன்னால் சொல்லியிருக்கலாம். டாக்டர் சிரிப்பதை நினைத்தாலே உடம்பு கூசியது. நாளை சொல்லலாம். நாளை சனி, எனக்கு லீவு. ஞாயிறு விடிந்தால் தொப்பூர்.

ஜூலை 19, சனி

இவர் குளிக்கப் போனதும் வாசலில் சீட்டைத் தூக்கினேன். தகட்டை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். சொல்லாமலேயே சரிசெய்துவிடலாம் என்று கணக்கு. இவர் வந்ததும், பின்னால் உட்கார்ந்து ஒரு சுற்று வருகிறேன் என்றேன். பைக் வாங்கிய நாளிலிருந்து நான் அதில் ஏறியதில்லை. இவர் என்னைச் சந்தேகமாகப் பார்த்தார். பிறகு ஹெல்மெட்டைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். சீட் உயரம். பக்கத்து வீட்டம்மா பார்க்க நான் ஏறியதை எழுத விரும்பவில்லை.

பாலக்கோடு ரோடு. காற்று பக்கவாட்டில் தள்ளியது. கொஞ்ச தூரம் போனதும் இவர் தோளுக்கு மேலே எட்டித் திரையைப் பார்த்தேன். முன் சக்கரம் 33. பின் சக்கரம் இரண்டு கோடு. இன்னும் கொஞ்ச தூரம். கோடு போய் எண் வந்தது.

21.

36 இருக்க வேண்டிய இடம். டேப்பைப் பிய்த்து எடுங்கள் என்று கத்தினேன். இவர் எடுத்தார். மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவர் சிரித்தார்.

“செத்துப்போன சென்சாரு எந்திரிச்சு வந்து பொய் சொல்லுது பாரு.”

நிறுத்துங்க என்றேன். நிறுத்தவில்லை. 20. நிறுத்துங்க என்று முதுகில் குத்தினேன், பலமாகவே. நிறுத்தினார். ரோட்டோரப் பஞ்சர் கடைக்கு மெதுவாகத் தள்ளிக்கொண்டு போனோம். கடைக்காரர் தண்ணீர் ஊற்றிச் சக்கரத்தைச் சுற்றினார். பாதிச் சுற்றில் குமிழி வந்தது. தக்காளிப் பெட்டி ஆணி, தலை வரைக்கும் இறங்கியிருந்தது. பாலக்கோடு மண்டி வாசலில் குத்தியிருக்கும். பஞ்சர் கடைக்காரர், இதோடவா லாங் போறீங்க என்று கேட்டார். இந்த டயரைத்தான் போன வாரம் உதைத்துப் பார்த்துக் கல் என்றார்கள்.

இவர் காலையில் காற்று பார்த்தாரா? இல்லை. பார்க்கப் போவதும் இல்லை. நாளைக்கு இதே டயரோடு தொப்பூர் இறங்கியிருப்பார். முன்னால் இவர், பின்னால் மலைவேங்கைகள், அதற்குப் பின்னால் லாரி. கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன்.

ரப்பர் திரி சொருகிக் காற்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். கறுப்பு வளையம் இப்பத்தான் வேலை செய்யுது போல என்று இவர் ஆரம்பித்தார். பிரகாஷுக்கு போன் போட்டுப் பாராட்டப் போகிறார். அதைக் கேட்டுக்கொண்டு இருக்க முடியவில்லை. கைப்பையைத் திறந்து தகட்டை எடுத்து மடியில் வைத்தேன். காலையில நான் எடுத்தேன், இதுதான் அலையை மறிச்சுக்கிட்டு இருந்தது என்றேன். இவர் தகட்டைப் பார்த்தார். ஆச்சரியப்படவே இல்லை.

உங்க அம்மா வெச்சதுன்னு நெனச்சீங்களா என்று கேட்டேன்.

“நீ வெச்சதுன்னு தெரியும். பரீட்சப் பேப்பர் கட்டற நூலு. வேற யாரு வூட்டுல இருக்குது?”

எப்போதிலிருந்து தெரியும்? பிரகாஷ் கடையில் பார்த்ததிலிருந்தே. ஷோரூமில் மெக்கானிக் இதை வெளியே வைக்கட்டுமா என்று கேட்டானாம், பெட்டிக்கு இடைஞ்சலாக இருக்கிறது என்று. இவர் வேண்டாம், இருந்த இடத்திலேயே வை என்று சொல்லிவிட்டாராம். ஒருத்தன் கேட்டிருக்கிறான். ஒரே ஒருத்தன் சரியாகக் கேட்டிருக்கிறான், அவனையும் இந்த மனிதர் தடுத்துவிட்டார். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. ஏங்க, எல்லாத்தையும் கழட்டுனீங்களே, கேமரா, லைட்டு, சார்ஜர், இதை மட்டும் ஏன் விட்டீங்க என்று கேட்டேன். குரல் ஏறிவிட்டது. பஞ்சர் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

இவர் டயரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“கழட்டுனதெல்லாம் நான் வாங்கி மாட்டுனது. இந்த வண்டியில நீ வெச்சது இது ஒண்ணுதான். இதப் போயி எப்புடிக் கழட்டறது?”

தகட்டை மறுபடி கைப்பையில் வைத்துக்கொண்டேன். திரும்பி வரும்போது 33, 36. வழியெல்லாம் பார்த்துக்கொண்டே வந்தேன். ஏறியதற்குக் கால் வலிக்கிறது.

ஜூலை 20, ஞாயிறு

வெயில். காற்று கொஞ்சம் அடங்கியிருக்கிறது. துவைத்துப் போட்டாயிற்று.

விடிந்ததும் கிளம்பினார்கள். கிளம்புமுன் காற்று பார்த்தார், நான் பக்கத்தில் நின்று பார்க்க வைத்தேன். டாக்டர், விளக்கு எப்படிச் சரியானது என்று கேட்டார். கறுப்பு வளையம் என்று இவர் சொன்னார். நான் மறுக்கவில்லை. டாக்டர் தன் பைக்குக்கும் நாலு வளையம் வாங்கப் போகிறாராம். வாங்கட்டும்.

தகடு இவர் ஜாக்கெட்டின் உள்பையில். நான்தான் வைத்துத் தைத்தேன், அதே நூலால். பெட்டிக்கும் அதற்கும் இப்போது சம்பந்தம் இல்லை, இவரை ஒரு சுற்று ஓட்டச் சொல்லிச் சோதித்தேன். நம்பிக்கை வந்துவிட்டதா என்றால் இல்லை.

ஆடி ஞாயிறு, தெருவில் கூழ் வாசம். எனக்குச் சாப்பிடத் தோன்றவில்லை.

இறக்கத்துக்கு முன்னால் நிறுத்தி ஒரு படம் அனுப்பினார். திரை மட்டும். டேப் இல்லை, விளக்கு இல்லை. 33, 36. இறங்கி முடித்ததும் பேசுவதாகச் சொல்லியிருந்தார்.

போன் அடித்தது. இவர் இல்லை, அத்தை. அவன் எறங்கிட்டானா என்று கேட்டார். இன்னும் இல்லீங்க அத்தை என்றேன். தகடு இருக்குதா என்றார். இருக்குதுங்க, நெஞ்சுகிட்ட வெச்சுத் தெச்சிருக்கேன் என்றேன். அத்தை போனை வைக்கவில்லை. இரண்டு பேரும் பேசாமல் அப்படியே இருந்தோம். நடுவில் இவர் அழைப்பு வந்தது. அத்தையைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு எடுத்தேன்.

“எறங்கிட்டோம். டீ குடிக்கறோம். உன் நம்பரு ரெண்டும் அப்புடியே நிக்குது.”

என் நம்பராம். முட்டாள்.

அத்தையிடம் சொல்லிவிட்டேன். துணி காய்ந்திருக்கும், எடுக்கப் போகிறேன்.